வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் இருக்காது: திருகோணமலை மாநகர சபைத் தேர்தலில் நின்ற அனுபவம்

திருகோணமலையில் நான் இரண்டு முறை வேட்பாளராக நின்றேன். 2023இல் நகர சபைக்கு. அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை. 2025இல், தரமுயர்ந்த மாநகர சபைக்கு. அது நடந்தது, என் வட்டாரத்தில் 186 வாக்குகளால் தோற்றேன். இரண்டிலும் சேர்த்து என் கைக்காசு 2,49,000 ரூபாய் போனது. அதில் பெரும்பகுதி மூன்று பவுண் நகையை வங்கியில் வைத்து எடுத்த பணம். தோற்றது வலித்தது. ஆனால் எனக்குப் பிறகு தெரியவந்த பல விஷயங்களை யாராவது முன்னரே அரை மணித்தியாலம் இருந்து சொல்லியிருந்தால், அந்தப் பணத்தில் பாதியும் அந்த அவமானத்தில் முக்கால்வாசியும் மிஞ்சியிருக்கும். அந்த அரை மணித்தியாலத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். முக்கியமாக, "ஒரு ஒப்பம் மட்டும் போடுங்கோ" என்று கேட்கப்படும் பெண்களுக்கு.

என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள். 2023 தை மாதம், முன்பள்ளி முடிந்து பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்த நேரம் தெரிந்த ஓர் அண்ணர் வந்தார். "டீச்சர், பட்டியலுக்குப் பெண்கள் பேர் குறையுது. நீங்கள் ஒப்பத்தை மட்டும் போடுங்கோ, மற்றதெல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுறம்." அவர் பொய் சொல்லவில்லை, பெயர்கள் உண்மையாகவே குறைந்தன. 2017 திருத்தத்திற்குப் பிறகு உள்ளூராட்சி சபை ஒன்றின் உறுப்பினர்களில் 60 வீதம் பேர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதம் பேர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வேட்புமனுவும் இரண்டு பகுதி: வட்டார வேட்பாளர்கள் ஒன்று, மேலதிகப் பட்டியல் ஒன்று. வட்டாரப் பகுதியில் குறைந்தது 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் குறைந்தது 50 வீதமும் பெண்கள் இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் முழு மனுவும் நிராகரிக்கப்படும். அதனால் மனு கொடுக்கும் கிழமையில் பெண்களின் பெயருக்கு ஒரு மதிப்பு வருகிறது. அந்தக் கிழமையோடு அது போய்விடுகிறது. பேரம் பேசுவதானால் ஒப்பம் போடுவதற்கு முன்புதான் பேச வேண்டும். கேட்க வேண்டியவை இரண்டு: என் பெயர் வட்டாரத்திலா, மேலதிகப் பட்டியலிலா? குழுவுக்கு ஓர் ஆசனம் மட்டும் கிடைத்தால் அது யாருக்கு? நான் முதற் கேள்வியைக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்கவில்லை.

2023ஐ விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 18 முதல் 21 வரை வேட்புமனு ஏற்றார்கள். மார்ச் 9 என்று திகதி சொன்னார்கள், பிறகு ஏப்ரல் 25 என்றார்கள், பிறகு திறைசேரியிடம் பணம் இல்லை என்று காலவரையறையின்றித் தள்ளிப்போட்டார்கள். 2024 ஆகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம், அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அதற்கிடையில் எங்கள் நோட்டீஸ் கட்டுகள் வீட்டு மூலையில் கறையான் பிடித்தன. 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அந்தப் பழைய வேட்புமனுக்களை இரத்துச் செய்தார்கள். எனக்குப் போனது 85,000 ரூபாய். நெருக்கடி காலத்துக் கடதாசி விலையில் அவசரப்பட்டு 5,000 நோட்டீஸ் அடித்ததுதான் அதில் பெரிய பங்கு. என்னைவிடப் பாதிக்கப்பட்டவர்கள் அரச ஊழியர்கள். நின்றால் சம்பளமில்லா விடுமுறையில் போக வேண்டும். தேர்தல் தொங்கியதால் அவர்களும் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தொங்கினார்கள். அரச வேலையில் இருப்பவர்கள், தேர்தல் தள்ளிப்போனால் வீடு எத்தனை மாதம் தாங்கும் என்று குடும்பத்தோடு இருந்து கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பம் போட வேண்டும்.

2025க்கு வருவோம். நான் ஒரு சுயேச்சைக் குழுவில் நின்றேன். கட்டுப்பணம் மார்ச் 19 நண்பகலோடும் வேட்புமனு மார்ச் 20 நண்பகலோடும் முடிந்தன. அதன் பின் பிற்பகல் ஒன்றரை மணி வரை ஆட்சேபனைக்கான நேரம். கட்டுப்பணம் கட்சி வேட்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக் குழு வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபாய். தனியொருவராக ஒரு வட்டாரத்தில் மட்டும் நிற்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. சபைக்கு எத்தனை வேட்பாளர் வேண்டுமென்று அறிவிக்கப்படுகிறதோ அத்தனை பேரையும் குழு நிறுத்த வேண்டும்; ஒருவர் குறைந்தாலும் மனு போகும். ஒரு சபைக்கு 25 வேட்பாளர் தேவை என்று வைத்துக்கொண்டால் சுயேச்சைக் குழுவின் கட்டுப்பணம் மட்டும் 1,25,000 ரூபாய். அந்தப் பணத்தை ஆளுக்காள் கட்டுவதா, தலைவர் கட்டுவதா என்பதை முதற் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். எங்கள் குழுவில் நான்கு பேர் கடைசி நாளில் கையை விரித்தார்கள். அந்த 20,000 ரூபாயைத் தேடி ஓடிய நேரத்தில் பத்திரங்களைச் சரிபார்க்க ஆள் இல்லாமல் போனது.

பத்திரங்களில்தான் ஆட்கள் விழுகிறார்கள். 2025இல் நாடு முழுவதும் நானூறுக்கும் மேற்பட்ட வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. ஒவ்வொரு வேட்பாளரின் ஒப்பத்தையும் சமாதான நீதவானோ நொத்தாரிசோ உறுதிப்படுத்த வேண்டும். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையிலுள்ள உறுதியுரையை ஒவ்வொருவரும் செய்து இணைக்க வேண்டும். ஒருவருடையது விடுபட்டாலும் ஆபத்துத்தான். இளைஞர் ஒதுக்கீட்டில் வருபவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியோ சத்தியக் கடதாசியோ வேண்டும். வெறும் போட்டோக்கொப்பி வைத்த பல குழுக்கள் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது. சில திரும்பப் பட்டியலுக்குள் வந்தன, ஆனால் பிரசார நாட்களை இழந்த பிறகு. மனுவை யாரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட முடியாது. குழுத் தலைவரோ அதிகாரம் பெற்ற முகவரோ போக வேண்டும். பெயரை அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, வாக்காளர் இடாப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். எங்கள் ஊரில் தந்தை பெயர், கணவர் பெயர், வீட்டுப் பெயர் என்று ஒரே பெண்ணுக்கு மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பெயர் இருக்கும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. மனுவுக்கு ஐந்து நாள் முன்பே மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் இடாப்பைப் பார்த்துக் கண்டுபிடித்ததால் தப்பினேன். சபையோடு ஒப்பந்த வேலை செய்பவர்கள் தகுதிப் பிரச்சினை வருமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கடைசி நாளில் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் நெரியும். இரண்டாம் நாளே கொடுத்துவிடுங்கள்.

இப்போது ஆசனக் கணக்கு. இதை விளங்காமல் நின்றதுதான் என் பெரிய தவறு. வட்டாரத்தில் அதிக வாக்கு எடுத்தவர் நேரே உறுப்பினர். அதோடு நகரம் முழுவதும் ஒரு கட்சியோ குழுவோ எடுத்த வாக்குகளைக் கூட்டி, அந்த விகிதப்படி அதற்கு மொத்தம் எத்தனை ஆசனம் உரியது என்று பார்ப்பார்கள். அதிலிருந்து வென்ற வட்டாரங்களைக் கழித்தால் மிச்சம் பட்டியல் ஆசனம். சனம் 'போனஸ்' என்று சொல்வது இதைத்தான். இலகுவாக விளங்க ஓர் உதாரணம்: 20 உறுப்பினர் சபையில் 20,000 செல்லுபடியான வாக்குகள் என்றால் ஆசனம் ஒன்றுக்கு 1,000 வாக்கு. ஒரு குழு எந்த வட்டாரத்தையும் வெல்லாமல், எல்லா வட்டாரத்திலும் சேர்த்து 1,300 வாக்கு எடுத்தால் அதற்கு ஒரு பட்டியல் ஆசனம். அந்த 1,300இல் 300ஐ ஒரு பெண் தன் வட்டாரத்தில் கால் தேயத் தேய நடந்து எடுத்திருக்கலாம். ஆனாலும் ஆசனம் யாருக்கென்று தீர்மானிப்பவர் கட்சியின் செயலாளர், சுயேச்சையில் குழுத் தலைவர். பட்டியலில் உள்ள எவரையும், வட்டாரத்தில் தோற்ற எவரையும் அவர் போடலாம். அதிக வாக்கு எடுத்தவருக்கே கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சபை உறுப்பினர்களில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதே, எங்களைத் தாண்டி எப்படிப் போவார்கள் என்று நானும் நினைத்தேன். அந்த விதியில் ஒரு விலக்கு உண்டு. மொத்த வாக்கில் 20 வீதத்துக்குக் குறைவாக எடுத்து, மூன்றுக்கும் குறைவான உறுப்பினர்களைப் பெறும் கட்சிக்கும் குழுவுக்கும் பெண்ணை அனுப்பும் கட்டாயம் கிடையாது. சின்னக் குழுக்கள் எல்லாம் இந்த விலக்குக்குள்தான் வரும். அதாவது மனுவில் பாதிப் பட்டியலைப் பெண்களால் நிரப்பும் கடமை சின்னக் குழுவுக்கு உண்டு, கிடைக்கும் ஒற்றை ஆசனத்தில் பெண்ணை இருத்தும் கடமை அதற்கு இல்லை. இதைப் படித்த நாளில் வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சின்னத்தைப் பற்றி ஒரு விஷயம். சுயேச்சைக் குழுவுக்குச் சின்னமும் குழு இலக்கமும் வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகே ஒதுக்கப்படும். அதற்கு முன் எதையும் அச்சடிக்காதீர்கள். எங்களுக்குக் கிடைத்த சின்னம், கறுப்பு வெள்ளையில் சின்னதாக அடித்தால் என்னவென்று கண்டுபிடிக்க முடியாத ஒன்று. தெரிவு செய்ய வாய்ப்பிருக்கும்போது தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, கறுப்பு மையில் அடித்து, கண்ணாடி போடாத ஒரு முதியவரிடம் காட்டிப் பாருங்கள். உள்ளூராட்சித் தேர்தலின் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரே இருக்காது. கட்சியின் அல்லது குழுவின் பெயரும் சின்னமும் மட்டும்தான். ஒரு புள்ளடி (X அடையாளம்), அவ்வளவுதான். 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு 1, 2, 3 போட்டார்கள். நவம்பரில் பாராளுமன்றத்துக்குப் புள்ளடியும் விருப்பு இலக்கமும் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து மூன்றாவது முறையாக வேறொரு விதம். "உங்கட நம்பர் என்ன டீச்சர்?" என்று கேட்காத வீடு இல்லை. எனக்கு நம்பர் இல்லை அம்மா, இந்தப் படத்துக்கு நேரே ஒரு புள்ளடி மட்டும் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னேன். நோட்டீஸில் என் முகத்தைப் பெரிதாகவும் சின்னத்தைச் சின்னதாகவும் போட்டது அடுத்த பிழை. முகம் கால்வாசி, சின்னம் முக்கால்வாசி என்று இருந்திருக்க வேண்டும். நோட்டீஸின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டவே கூடாது. பொலிஸார் கழற்றுவதோடு முறைப்பாடும் வரும். நோட்டீஸைக் கையில்தான் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

செலவைச் சொல்கிறேன், யாரும் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. 2025இல் எனக்குப் போனவை: கட்டுப்பணம் 5,000, நோட்டீஸ் 18,000, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நான்கு நாளுக்கு 26,000, அலுவலகமாக எடுத்த முன் அறைக்கு ஒரு மாத வாடகை 15,000, கூட வந்தவர்களின் சாப்பாடும் தேநீரும் 38,000, படமும் பனரும் 12,000, தெருக்கூட்டங்களுக்குக் கதிரை, மின்குமிழ் 21,000, பேஸ்புக் விளம்பரம் 9,000, வாக்களிப்பு நாள் முகவர்களுக்கு 20,000. மொத்தம் 1,64,000. இதில் ஆட்டோவும் தெருக்கூட்டமும் வீண். கூட்டத்துக்கு வந்தவர்கள் எப்படியும் எனக்குப் போட இருந்தவர்கள். ஆட்டோச் சத்தத்தில் பிள்ளை நித்திரை கெட்டது என்று இரண்டு வீட்டில் ஏச்சு வாங்கினேன். சாப்பாட்டுச் செலவு கவனிக்காவிட்டால் கையை மீறும். பார்சலாக எடுக்காமல் ஒரு வீட்டில் சமைப்பித்தால் பாதியாகக் குறையும். முகவர்களுக்குப் போன 20,000 மட்டும் முழுதாகப் பிரயோசனப்பட்டது.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கும் இப்போது சட்டம் உண்டு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ், 2025 உள்ளூராட்சித் தேர்தலுக்கு வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு என்று சபைக்குச் சபை தொகை நிர்ணயித்து வர்த்தமானியில் போட்டார்கள். அது 74 ரூபாயிலிருந்து 160 ரூபாய் வரை இருந்தது. என் வட்டாரத்தில் 2,400 வாக்காளர். பாதுகாப்புக்காக மிகக் குறைந்த 74 ரூபாயையே வைத்துப் பெருக்கி, 1,77,600ஐத் தாண்டுவதில்லை என்று ஒரு கோடு போட்டேன். முதல் நாளிலேயே ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு) வாங்கி, இடது பக்கம் வந்த பணம், வலது பக்கம் போன பணம், பின்னால் ஒரு கடித உறையில் பற்றுச்சீட்டுகள் என்று வைத்தேன். அன்பளிப்பாக வரும் பொருளுக்கும் ஒரு பெறுமதி எழுதி வையுங்கள். வெளிநாட்டு அரசுகள், வெளிநாட்டு நிறுவனங்கள், யாரென்று தெரியாதவர்கள் ஆகியோரிடமிருந்து பணம் வாங்கக்கூடாது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார்கள், பாசத்தில் அனுப்புவார்கள். அவர்கள் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களாக இருந்தால், கை நீட்டுவதற்கு முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

வீடு வீடாகப் போவது பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. வாக்காளர் இடாப்பின் பிரதியை எடுத்து, வீட்டு இலக்க ஒழுங்கில் இல்லாமல் நடக்கும் ஒழுங்கில் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு முழு இரவு பிடித்தது. அதற்குப் பிறகுதான் 2,400 பேரில் ஏறக்குறைய 400 பேர் ஊரிலேயே இல்லை என்று தெரிந்தது: கட்டார், துபாய், கொழும்பில் வேலை, சிலர் இறந்தும் இருந்தார்கள். மீதி இரண்டாயிரம் பேர் அறுநூறு வீட்டில். ஒரு மாலைக்கு 35 வீட்டுக்கு மேல் ஒழுங்காகப் பேச முடியாது. ஆக ஒரு சுற்றுக்கே பதினேழு மாலை வேண்டும். மார்ச் கடைசியில் தொடங்கினால், ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு ஒரு கிழமையை எடுக்கும், பெரிய வெள்ளியும் உயிர்த்த ஞாயிறும் 18, 20ஆம் திகதிகளில் வந்தன, மே தினம் ஒரு நாள். எனக்கு இரண்டாம் சுற்றுக்கு நேரம் கிடைக்கவில்லை. முதலில் போன வீடுகள் கடைசியில் என்னை மறந்துவிட்டன. இரண்டு பேர் கொண்ட மூன்று அணியாகப் பிரிந்திருந்தால் முடிந்திருக்கும்.

நேரமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் எங்கள் கடல் அமைதி. திருக்கடலூர் போன்ற கரையோரத் தெருக்களில் ஆண்கள் இரவு தொழிலுக்குப் போய் விடிய வருவார்கள், நண்பகலில் நித்திரை. அந்த நேரம் கதவைத் தட்டினால் வாக்கு போயிற்று. பின்னேரம் நாலரைக்குப் பிறகுதான் போக வேண்டும். முஸ்லிம் வீடுகளுக்கு வெள்ளி நண்பகல் வேண்டாம், மஃரிப் (அந்தித் தொழுகை) நேரமும் வேண்டாம். 2025இல் மார்ச் கடைசி வரை நோன்புகாலம். அப்போது பேசப் போனதே என் அவசரம். சிங்களக் குடும்பங்கள் உள்ள தெருவுக்கு அந்தத் தெருவையே சேர்ந்த ஒருவரோடு போங்கள், சிங்களத்தில் அடித்த நோட்டீஸோடு. நான் முதல் சுற்றில் தமிழ் நோட்டீஸை மட்டும் கொடுத்தேன்; வாங்கிய ஒரு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவடைத்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

சபையால் என்ன செய்ய முடியும் என்று தெரியாமல் வாக்குறுதி கொடுக்காதீர்கள். குப்பை, உள்வீதி, வடிகான், தெருவிளக்கு, சந்தை, மயானம், நூலகம், விளையாட்டு மைதானம், கட்டட வரைபட அனுமதி, சோலைவரி (வீடு, காணிக்கான சொத்து வரி) இவைதான் சபையின் வேலை. வீட்டில் கேட்பதோ அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு), காணி உறுதி, பிள்ளைக்கு வேலை. அவை பிரதேச செயலகத்துக்கும் கொழும்புக்கும் போகிற விஷயங்கள். பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. திருகோணமலையில் துறைமுக அதிகார சபையின் பெயரிலுள்ள காணியில் பலர் காலங்காலமாகக் குடியிருக்கிறார்கள். அந்தக் காணிக்கு மாநகர சபை உறுப்பினரால் உறுதி வாங்கித் தர முடியாது. கரையோரத்தில் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களமும் வரும். "அது என்னால முடியாது, ஆனால் இந்த வடிகானை வருசத்தில ரெண்டு தரம் துப்புரவாக்க வைக்கலாம்" என்று சொன்ன வீடுகளில்தான் எனக்கு வாக்கு விழுந்தது. மே மாதத்தில் வடிகான் காய்ந்து கிடக்கும், யாருக்கும் அது நினைவுக்கு வராது. மார்கழி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் எந்த அளவுக்கு வந்தது என்று கேட்டால் சுவரில் கறையைக் காட்டுவார்கள். அதைப் படமெடுத்து, வீட்டு இலக்கத்தோடு கொப்பியில் எழுதிவிடுங்கள்.

பிரசாரத்தின் மூன்றாம் கிழமையில் என் படத்தைப் போட்டு ஒரு பொய்க் கணக்கில் அசிங்கமாக எழுதினார்கள். இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அழுதேன், விலகிவிடலாமா என்றும் யோசித்தேன். அந்த இரண்டு நாளில் எழுபது வீடு போயிற்று. செய்ய வேண்டியது இது: பதிவின் முகவரி, திகதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு, மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும் பொலிஸுக்கும் அதே நாளில் எழுத்தில் கொடுங்கள், பெப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளுக்கும் அனுப்புங்கள். கருத்துப் பகுதியில் பதில் எழுதாதீர்கள், பதில் எழுத எழுத அது மேலே வரும். மூன்றாம் நாள் மாதர் சங்கப் பெண்கள் ஆறு பேர் என்னோடு நடந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மே 3 நள்ளிரவோடு பிரசாரம் ஓய்ந்தது. அதற்குப் பிறகு வீடு வீடாகப் போவதும் குற்றம், வாக்காளரை வாகனத்தில் ஏற்றிப் போவதும் குற்றம். இந்த இரண்டு நாளையும் முகவர்களுக்குச் செலவழியுங்கள். முகவர் நியமனக் கடிதங்களைக் குழுவின் சார்பில் யார் ஒப்பமிடுவது என்பதை ஒரு கிழமை முன்பே முடித்துவிட வேண்டும். எங்கள் தலைவர் வேறு வட்டாரத்தில் அலைந்து, என் கடிதங்கள் 5ஆம் திகதி இரவு பதினொரு மணிக்குத்தான் வந்தன. ஒரு நிலையத்தில் என் முகவரின் அடையாள அட்டை இலக்கம் பிழை; காலை ஏழு மணிக்கு அவரை உள்ளே விடவில்லை. ஏழிலிருந்து மாலை நாலு வரை வாக்களிப்பு. முகவருக்கு இடாப்புப் பிரதி, அடிமட்டம், இரண்டு பேனை, தண்ணீர், மதியச் சாப்பாடு எல்லாம் காலையிலேயே கையில் இருக்க வேண்டும். சாப்பிட வெளியே போன நேரத்தில் ஆள்மாறாட்டம் நடந்தால் கேட்க ஆள் இல்லை. நிலையத்தில் யார் வந்தார் என்று குறிப்பதை விட, தெருவின் மூத்த ஆட்களைத் தெரிந்தவர் முகவராக இருப்பது பெரிது. சின்னப் பிள்ளைகளை இருத்தாதீர்கள், அவர்களுக்கு முகம் தெரியாது.

வாக்களித்த இடத்திலேயே அன்று மாலை எண்ணத் தொடங்குவார்கள். எண்ணுவதைப் பார்க்க வேறு ஆளை வையுங்கள். காலை ஆறு மணிக்கு எழும்பியவரின் கண் மாலை ஐந்துக்குச் சோர்ந்துவிடும். அவர் பார்க்க வேண்டியது சந்தேகத்துக்குரிய சீட்டுகளின் கட்டை. இரண்டு சின்னத்தின் நடுவே விழுந்த புள்ளடி, இலக்கம் எழுதிய சீட்டு, பின்னால் கீறிய சீட்டு என்று வரும். முடிவெடுப்பது அலுவலர்தான், ஆனால் ஆட்சேபனையை அந்த நிமிடத்திலேயே சொல்ல வேண்டும், கட்டு கட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை. எனக்கு 312, வென்றவருக்கு 498. எண்களைக் கேட்டபோது வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது போல இருந்தது. ஆனால் இரண்டாம் சுற்றுப் போகாத தெருக்களின் நிலையத்தில்தான் நான் பின்னால் இருந்தேன். அது அன்றிரவே கொப்பியில் தெரிந்தது.

நகரம் முழுவதும் கூட்டியதில் எங்கள் குழுவுக்கு ஒரு பட்டியல் ஆசனம் கிடைத்தது. குழுவில் அதிக வாக்கு எடுத்தவள் நான். எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், இனிப்பும் கொடுத்தார்கள். நான்காம் நாள், அதிகம் பணம் போட்டவருக்கு அது போய்விட்டது என்று தொலைபேசியில் சொன்னார்கள். "அரைவாசிக் காலம் அவர், மிச்சம் நீங்கள், டீச்சர்" என்றார்கள். அந்த வாக்கு இன்றுவரை காற்றில்தான் இருக்கிறது. எதையும் எழுதி வாங்காதது என் தவறு. அப்படி எழுதினாலும் அது நீதிமன்றத்தில் நிற்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் வேட்புமனுவுக்கு முன், குழுவின் எல்லாரும் இருந்த கூட்டத்தில், "ஒரு ஆசனம் என்றால் வட்டாரத்தில் அதிக வாக்கு எடுத்தவருக்கு" என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதி அத்தனை பேரும் ஒப்பமிட்டிருந்தால், அதைத் தாண்டுவதற்குத் தலைவர் இருபது பேரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். தொலைபேசியில் முடித்திருக்க முடியாது. காலத்தைப் பங்கிடுவதாக இருந்தால் மாதத்தையும் திகதியையும் போட்டு எழுதுங்கள்.

மனம் உடைந்து படுத்திருக்கும் அந்த நாட்களில்தான் இன்னொரு கடமை வருகிறது. முடிவு வெளியான 21 நாளுக்குள் வரவு செலவு அறிக்கையைத் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தோற்றவர்களும் கொடுக்க வேண்டும், மேலதிகப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தவர்களும் கொடுக்க வேண்டும். எங்கள் பட்டியலில் ஒப்பம் மட்டும் போட்ட ஒரு தங்கச்சிக்கு இது தெரியவே தெரியாது. ஒரு சதமும் செலவழிக்கவில்லை என்றாலும் அதையே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கு. பதினெட்டாம் நாள் நானும் அவரும் சேர்ந்து போய்க் கொடுத்தோம். என் சீ.ஆர். கொப்பி இருந்ததால் ஒரு மணித்தியாலத்தில் நிரப்ப முடிந்தது. கொடுத்த பிரதியில் திகதி முத்திரை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

வட்டாரக் கொப்பியை நான் வீசவில்லை. வடிகான் படங்களின் பிரதியை வென்ற உறுப்பினரிடம் கையில் கொடுத்தேன்; மழைக்கு முன் இரண்டு தெருவில் துப்புரவாக்கினார்கள், மூன்றாவது தெரு இன்னும் அப்படியே. கொப்பியின் கடைசிப் பக்கங்களில் 41 பெயர் இருக்கிறது. பதினெட்டு வயது தாண்டியும், அல்லது கல்யாணம் முடித்து இங்கே வந்தும், இடாப்பில் பெயர் இல்லாதவர்கள். இடாப்பு ஒவ்வொரு வருடமும் திருத்தப்படுகிறது, படிவம் கிராம சேவகர் ஊடாக வரும். இதுவரை 17 பேரின் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டோம், மிச்சப் பேரின் வீடுகளுக்குச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் போய்க்கொண்டிருக்கிறேன்.